காடி வாடை அடித்தால் அந்த பீர் கெட்டுப்போனதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவர் 375 மில்லி பாட்டில் இரண்டு தந்திருக்கிறார். லேபிளில் ‘வைல்ட் ஏல்’ (ஏல் என்பது பீரில் ஒரு வகை), சிவப்பு ஒயின் இருந்த பீப்பாயில் மாதக்கணக்கில் கிடந்தது, கரண்ட் பழம் சேர்த்தது, ஆல்கஹால் 10 சதவீதம் என்றெல்லாம் போட்டிருக்கிறது. ஒன்றை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு திறந்து குடித்திருக்கிறீர்கள். காடி (வினிகர்) நெடி மூக்கில் ஏறியது, பல் கூசியது, பின்னாலேயே மாட்டுக்கொட்டில் வாடை வேறு. பாதியை சிங்க்கில் கொட்டிவிட்டு, “இதை எப்படிச் சுவைப்பது?” என்று கேட்கிறீர்கள். ஆனால் உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது. இது இப்படித்தான் இருக்குமா, இல்லை ஊசிப்போய்விட்டதா? இப்படித்தான் இருக்கும் என்றால், ரசித்துக் குடிப்பதாகச் சொல்கிறவர்கள் நிஜமாகவே ரசிக்கிறார்களா, பாவலா காட்டுகிறார்களா?

நான் நுண்ணுயிரியல் படித்தவன். கலிஃபோர்னியாவில் ஒரு பீர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் ஒன்பது வருடம் இருந்தேன். பாதி நேரம் கண் மைக்ரோஸ்கோப்பில், மீதி நேரம் மூக்கு கிளாஸில். பீர் போட்டிகளுக்கு நடுவராகவும் போய்வருகிறேன், வீட்டில் கொஞ்சமாகக் காய்ச்சவும் செய்கிறேன். உங்கள் பாட்டிலை நான் முகர்ந்து பார்க்கவில்லை, அதனால் இங்கே உட்கார்ந்துகொண்டு அது நல்லது, கெட்டது என்று சொல்வது நியாயமில்லை. இரண்டாவது பாட்டில் இன்னும் திறக்காமல் இருப்பது நல்லதாயிற்று. அதை வைத்து நீங்களே கண்டுபிடிக்க வழி சொல்கிறேன்.

முதலில் அந்த ‘வைல்ட்’ என்ற சொல். காட்டிலிருந்து வந்தது, காற்றிலிருந்து தானாக விழுந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெல்ஜியத்தின் லாம்பிக் பீருக்கு அது பொருந்தும். பிரஸ்ஸல்ஸிலும் அதை ஒட்டிய சென் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் காய்ச்சிய சாற்றை அகலமான, ஆழமில்லாத தொட்டியில் இரவு முழுக்கத் திறந்து ஆறவைப்பார்கள். காற்றிலும் மரத்திலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தாமாக வந்து சேரும். அதன்பிறகு ஓக் பீப்பாயில் ஒன்றிலிருந்து மூன்று வருடம். அமெரிக்காவில் ‘வைல்ட் ஏல்’ என்று விற்கும் பெரும்பாலானவை அப்படி அல்ல. வழக்கமான பீர் ஈஸ்ட்டோடு, பிரெட்டனோமைசிஸ் என்ற இன்னொரு ஈஸ்ட்டையும், லாக்டோபாசில்லஸ், பீடியோகாக்கஸ் என்ற இரண்டு பாக்டீரியாக்களையும் வேண்டுமென்றே, அளந்து, கணக்குப் பார்த்து விடுகிறார்கள். ஆக, வைல்ட் என்றால் அடங்காத பிள்ளைகளைக் கூப்பிட்டு வீட்டுக்குள் உட்காரவைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பீர் ஆலைகளில் இந்த மூன்றில் ஒன்று குழாயில் தென்பட்டாலே என்னைப் போன்றவர்களுக்கு அன்று இரவு தூக்கம் கிடையாது.

பிரெட்டனோமைசிஸ் என்ற பெயரிலேயே ஒரு வேடிக்கை உண்டு. கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்த கிளாஸன் என்பவர் 1904-ல், இங்கிலாந்தில் நாள்பட வைத்த பீர்களுக்கு அந்தத் தனி மணம் வருவதற்கு இந்த ஈஸ்ட்தான் காரணம் என்று லண்டனில் வாசித்த கட்டுரையில் சொன்னார். பெயருக்குப் பொருளே ‘பிரிட்டிஷ் பூஞ்சை’. இன்றைக்கு அதே ஈஸ்ட் ஒயின் ஆலைக்காரர்களுக்கு எமன், பெல்ஜியத்துக்காரர்களுக்குக் குலச்சொத்து.

நீங்கள் சொன்ன வகைக்கு ஒரு அளவுகோல் வேண்டுமென்றால் நான் கான்ஸக்ரேஷனைச் சொல்வேன். கலிஃபோர்னியாவில் சோனோமா பகுதியிலிருக்கும் ரஷ்யன் ரிவர் ஆலையின் பீர். வின்னி சிலுர்ஸோவும் அவர் மனைவி நாட்டலியும் நடத்துகிறார்கள். சுற்றிலும் ஒயின் ஆலைகள், அதனால் காலி பீப்பாய்க்குப் பஞ்சமில்லை. அடர்நிற ஏல் ஒன்றைக் காய்ச்சி, காபர்நே சாவினியோன் ஒயின் இருந்த பீப்பாயில் கருப்பு கரண்ட் பழத்தோடு மாதக்கணக்கில் விட்டுவைக்கிறார்கள். மேலே சொன்ன பிரெட்டனோமைசிஸும் இரண்டு பாக்டீரியாக்களும் உள்ளே இருக்கும். ஆல்கஹால் 10 சதவீதம். பீப்பாயின் அடைப்பைத் திறந்து திறந்து ருசி பார்த்தால் காற்று புகும் என்பதால், பீப்பாயின் முகப்புப் பலகையில் சின்னத் துளை போட்டு, துருப்பிடிக்காத எஃகு ஆணி ஒன்றை அடித்துவைப்பார் வின்னி. ஆணியைப் பிடுங்கினால் மெல்லிய தாரையாக பீர் வரும், கிளாஸில் பிடித்துக்கொண்டு திரும்ப அடித்துவிட வேண்டியதுதான். இன்றைக்கு இந்தத் தொழிலில் பலரும் அதை ‘வின்னி ஆணி’ என்றே சொல்கிறார்கள். ஒரு ஆணிக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்று கேட்டால், உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அங்கேதான் இருக்கிறது. இந்த பீரில் எல்லாமே காற்று எவ்வளவு புகுந்தது என்பதைப் பொறுத்தது.

புளிப்பு ஒன்று அல்ல, இரண்டு. நமக்கு இது சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை. தயிரும் மோரும் புளிக்கின்றன, காடியும் புளிக்கிறது, இரண்டும் ஒரே புளிப்பு என்று யாராவது சொல்வார்களா? தயிரில், இட்லி மாவில் இருப்பது லாக்டிக் அமிலம். நாக்கில் பரவும், எச்சில் ஊறவைக்கும், ஆனால் மூக்குக்கு அநேகமாக ஒன்றும் தெரியாது. காடியில் இருப்பது அசிட்டிக் அமிலம். அது ஆவியாகும். அதனால் நாக்குக்கு முன் மூக்கைத் தொடும், விழுங்கும்போது தொண்டையில் காறும். லாக்டோபாசில்லஸும் பீடியோகாக்கஸும் முக்கியமாகக் கொடுப்பது முதல் வகை, அதற்குக் காற்று தேவையில்லை. இரண்டாம் வகைக்குக் காற்று வேண்டும். ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக மாற்றும் அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா ஆக்ஸிஜன் இல்லாமல் வேலை செய்யாது. காலையில் இறக்கிய கள் வெயிலில் திறந்து கிடந்தால் மறுநாள் என்ன ஆகிறதோ, பீப்பாயில் அதுவே மெதுவாக நடக்கும். பிரெட்டனோமைசிஸும் காற்று கிடைத்தால் கொஞ்சம் அசிட்டிக் தரும்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது, இது எனக்கு உறுதியாகத் தெரிந்தது. பீப்பாயில் கிடந்த இந்த வகை பீரில் காடியின் சாயல் சற்றே இருப்பது குறை அல்ல. மரம் மூச்சுவிடும், காற்று சிறிது வரத்தான் செய்யும். ஆனால் அது பின்னணியில் இருக்க வேண்டும். பழம், மரம், தோல், இவற்றுக்கெல்லாம் முன்னால் வந்து நின்றால் குறைதான். அத்தோடு நெயில் பாலிஷ் ரிமூவரின் நெடியும் சேர்ந்து அடித்தால் சந்தேகமே வேண்டாம். அசிட்டிக் அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உண்டாகும் எத்தில் அசிடேட் அது. மிகக் குறைவாக இருக்கும்போது பேரிக்காய் மாதிரி மணக்கும், கூடினால் சலூன் கடை நெடி. 10 சதவீத பீரில் ஆல்கஹாலுக்குக் குறைவில்லை, அதனால் காற்று புகுந்துவிட்டால் இதுவும் தாராளமாகவே வரும்.

என் கையாலேயே நான் கெடுத்த கதை ஒன்று உண்டு. வீட்டில் 20 லிட்டர் பிடிக்கும் சின்ன ஓக் பீப்பாய் வாங்கி, ஆசை ஆசையாக ஒரு அடர்நிற ஏலைப் போட்டு மூலையில் வைத்தேன். பெரிய ஒயின் பீப்பாய் 225 லிட்டர் பிடிக்கும். சின்னதில் ஒவ்வொரு லிட்டருக்கும் படுகிற மரப்பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல், காற்றும் அதே கணக்கில் புகும் என்று பாடத்தில் படித்தவன்தான் நான். கோடையில் இரண்டு மாதம் ஊருக்குப் போய்விட்டேன். ஆவியான அளவுக்கு மேலே ஊற்றி நிரப்ப ஆளில்லை. திரும்பி வந்து அடைப்பைத் திறந்தபோது கண்ணில் நீர் வந்தது, சோகத்தால் மட்டுமல்ல. ஒரு வருடத்துக்கு அதில்தான் வீட்டில் வெங்காயம் ஊறவைத்தோம். நல்ல காடிதான், அதில் குறை சொல்ல முடியாது.

இப்போது மாட்டுக்கொட்டில். அது பிரெட்டனோமைசிஸின் கையெழுத்து. 4-எத்தில்ஃபீனால் என்ற பொருள் குதிரை லாயம், பதனிட்ட தோல், இன்னும் கூடினால் ஒட்டுப் பிளாஸ்டரின் மருந்து வாடை தருகிறது. அதன் கூட்டாளி 4-எத்தில்குவயக்கால் கிராம்பும் புகையும். முதன்முதலில் எனக்குச் சுவைக்குழுப் பயிற்சி கொடுத்தபோது, சாதாரண லாகர் பீரில் 4-எத்தில்ஃபீனாலைக் கலந்து சுற்றிவிட்டார்கள். கூட இருந்த அமெரிக்கர்கள் எல்லாரும் ‘குதிரை’ என்று எழுதினார்கள். நான் குதிரையை மெரினா கடற்கரையில் பார்த்ததோடு சரி. எனக்கு நினைவு வந்தது செருப்புத் தைக்கும் கடையும் மழை நாளில் நனைந்த மாட்டுக்கொட்டிலும். அதையே எழுதினேன். பயிற்சி கொடுத்தவர் அதற்கு முழு மதிப்பெண் போட்டார். நீங்கள் உங்கள் நினைவிலிருந்துதான் வாசத்துக்குப் பெயர் தேட வேண்டும், லேபிளின் பின்னால் அச்சிட்டிருப்பதைத் தேடினால் அதுதான் கிடைக்கும்.

வாசத்துக்குப் பெயர் வைப்பதில் தமிழ் நமக்கு ஏகப்பட்ட கை கொடுக்கிறது. மணம், வாடை, நெடி, வீச்சம், முடை, கவிச்சி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவும் ஒரு தீர்ப்பும் உள்ளேயே இருக்கிறது. மாட்டுக்கொட்டில் ‘வாடை’யாக இருந்தால் இந்த பீரில் இடமுண்டு. ‘நெடி’யாகி மற்றதையெல்லாம் மறைத்தால் அளவு மீறிவிட்டது. கெட்டுப்போன வெண்ணெய், குழந்தை கக்கிய பால், இந்த மாதிரி ‘வீச்சம்’ இருந்தால் அது பியூட்டிரிக் அமிலம், எந்த அளவிலும் எனக்குச் சம்மதமில்லை. பழைய சாக்ஸ் வாடை ஐசோவலெரிக் அமிலம். லேசாக இருந்தால் சகிப்பேன், என்னுடன் நடுவராக உட்காருகிறவர்களில் அதை விரும்புகிறவர்களும் உண்டு. இது ரசனை சார்ந்தது, சட்டம் இல்லை.

இனி இரண்டாவது பாட்டில். முதல் நாளே ஃப்ரிட்ஜில் நிற்க வைத்துவிடுங்கள், அடியில் வண்டல் படியட்டும். பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதிக்கவைத்த பீர் என்றால் அடியில் ஈஸ்ட் இருக்கும். குடிப்பதற்கு அரைமணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள். நீங்கள் செய்த முதல் தவறு அங்கேதான், உறைகிற குளிரில் குடித்தது. குளிரில் பழமும் மரமும் வாயைத் திறக்காது, புளிப்பும் துவர்ப்பும் மட்டும் நிற்கும். 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் சரியாக இருக்கும். வாய் குறுகிய ஒயின் கிளாஸ் போதும், மக் வேண்டாம். கிளாஸில் சோப்பு வாடை இல்லையே என்று வெறும் கிளாஸை முகர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள், நுரையைக் கொல்வதில் சோப்புக்கு இணை கிடையாது. கார்க்கில் கம்பி கட்டியிருந்தால் யார் முகத்துக்கும் நேராகப் பிடிக்காமல் மெதுவாகத் திருகுங்கள். உள்ளே அழுத்தம் அதிகம். திறந்ததும் பாட்டில் பொங்கி வழிந்தால் குறித்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு சாட்சி.

கிளாஸில் கால்பங்கு மட்டும், ஒரே சீராக ஊற்றி, வண்டலைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். நிறத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம். நான் நடுவராகப் போகும் போட்டிகளின் பிஜேசிபி (பீர் நடுவர்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பு) முறையில் 50 மதிப்பெண்ணில் தோற்றத்துக்கு 3 மட்டும்தான். வாசத்துக்கு 12, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் நுரைப்புக்கும் 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. இந்த வகையில் நுரை சீக்கிரம் அடங்கிவிடும், அதைக் குறையாக எடுக்கக் கூடாது.

கிளாஸைச் சுழற்றாமல் முதலில் ஒருமுறை முகருங்கள். பிறகு சுழற்றி ஒருமுறை. முதல் முகர்வில் வருவது எளிதில் ஆவியாகும் பொருட்கள், அதாவது காடியும் நெயில் பாலிஷும் இருந்தால் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். மூக்குச் சோர்ந்துவிட்டால் சொந்த முழங்கையின் உட்புறத்தை முகர்ந்துவிட்டுத் திரும்ப வாருங்கள். காபிக்கொட்டை முகர்வது விளம்பரத்துக்கு அழகு, உங்கள் தோல் வாசம்தான் உங்கள் மூக்குக்குப் பழகியது.

முதல் வாயை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். இதை நான் யாருக்குச் சொன்னாலும் நம்புவதில்லை. இந்த பீரின் பிஎச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண், பெரும்பாலும் 3.1-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்கும். சாதாரண பீர் 4-லிருந்து 4.5 வரை. நன்றாகப் புளித்த இட்லி மாவும் அந்தப் பக்கம்தான். பிஎச் ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு என்பது கணக்கு. அந்த அதிர்ச்சியில் நாக்கு ‘புளிப்பு’ என்று கூவிவிட்டு மற்றதையெல்லாம் மறந்துவிடும். கொஞ்சம் எச்சில் ஊறட்டும், அரை நிமிடம் கழித்து இரண்டாவது வாய். மூன்றாவது வாயில்தான் எனக்குப் பேனா கையில் வரும். அப்போது பார்க்க வேண்டியது எவ்வளவு புளிப்பு என்பதை அல்ல, புளிப்புக்குப் பக்கத்தில் வேறு யார் நிற்கிறார்கள் என்பதை. பிரெட்டனோமைசிஸ் சாதாரண ஈஸ்ட் விட்டுவைத்த மாவுச்சத்துத் துண்டுகளையும் தின்றுவிடும், அதனால் இந்த பீரில் இனிப்பு என்று சொல்ல அதிகம் மிஞ்சாது. பீருக்குச் சேர்க்கும் ஹாப் பூவின் கசப்பும் குறைவு, கசப்பு மிகுந்தால் லாக்டோபாசில்லஸ் பிழைக்காது. இனிப்பும் இல்லை, கசப்பும் இல்லை என்றால் புளிப்பைத் தாங்கிப் பிடிக்க மீதி இருப்பது மரத்தின் துவர்ப்பு, பழத்தோலின் துவர்ப்பு, ஆல்கஹாலின் கனம், பீப்பாயில் மிச்சமிருக்கும் ஒயின். ஒரு நல்ல பாட்டிலில் இவை வரிசையாக வரும். முன்நாக்கில் புளிப்பு, நடுவில் பேரீச்சையும் உலர்திராட்சையும் போன்ற கரும்பழம், ஓரங்களில் நாவல்பழம் தின்ற மாதிரி துவர்ப்பு, விழுங்கிய பிறகு நெஞ்சில் மெல்லிய சூடு. சூடு தொண்டையிலேயே எரிச்சலாக நின்றுவிட்டால், ஆல்கஹாலும் அமிலமும் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக நிற்கின்றன என்று பொருள். வலுவான புளிப்பு பீர் காய்ச்சுவதில் கஷ்டமே இந்த இடம்தான். 5 சதவீதத்தில் ஒளிந்துகொள்ளும் பிழை 10 சதவீதத்தில் ஒளியாது.

விழுங்கியதும் அடுத்த வாய்க்கு அவசரப்படாதீர்கள். இருபது முப்பது விநாடி சும்மா இருங்கள். இந்த வகைக்கே உரிய ஒரு குறை அப்போதுதான் தலைகாட்டும். முகர்ந்தால் தெரியாது, நாக்கில் தெரியாது, விழுங்கிய பிறகு தொண்டைக்குள்ளிருந்து மூக்குக்கு ஏறும். நமுத்த பொரி, பழைய அரிசி மூட்டை, எலி ஓடிய பரண், அந்த வாடை. தொழிலில் ‘எலி வாடை’ என்றே பெயர். டெட்ராஹைட்ரோபிரிடின் வகைப் பொருட்கள் காரணம். பீரின் அமிலத்தில் அவை ஆவியாகாமல் அடங்கிக் கிடக்கும். வாயில் எச்சில் சேர்ந்து அமிலம் தணிந்ததும் விடுதலையாகி எழும்பும். ஒயின்காரர்கள் இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்து பார்ப்பது, தோலின் பிஎச் அதைக் கிளப்பிவிடும். எல்லாருக்கும் இது தெரிவதில்லை. எங்கள் சுவைக்குழுவிலேயே ஒருவர், நாங்கள் முகம் சுளித்த கிளாஸை நிம்மதியாகக் குடித்து முடிப்பார். உங்களுக்குத் தெரியாவிட்டால் உங்களைப் பொறுத்தவரை அந்தக் குறை இல்லை, அதிர்ஷ்டசாலி.

ஊசிப்போனதைக் குடித்துவிட்டோமோ, உடம்புக்கு ஆகுமா என்று நீங்கள் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். இவ்வளவு அமிலமும் இவ்வளவு ஆல்கஹாலும் இருக்கும் இடத்தில் உணவை நஞ்சாக்கும் கிருமிகள் வளர்வதில்லை. கெட்டுப்போன புளிப்பு பீர் ருசிக்குத்தான் துரோகம் செய்யும். உண்மையில் கவனிக்க வேண்டியது அளவு. 375 மில்லியில் 10 சதவீதம் என்றால் சாதாரண 5 சதவீத 355 மில்லி பீர் இரண்டைக் குடித்ததற்கும் கொஞ்சம் கூடவே. புளிப்பு இருப்பதால் ஆல்கஹால் அவ்வளவாகத் தெரியாது. ஊரில் ‘ஸ்ட்ராங்’ என்றால் போதைக்காக வாங்குவது, இங்கே அந்த எண் ருசியின் எடைக்காக. இரண்டு பேர், மூன்று பேராகப் பகிர்ந்துகொள்ள வேண்டிய பாட்டில் இது. நெஞ்செரிச்சல் இருப்பவர்கள் வெறும் வயிற்றில் தொடவே வேண்டாம்.

வைத்திருந்தால் நன்றாகுமா? இங்கே நான் கொஞ்சம் தயங்கித்தான் பேச வேண்டும். உறுதியாகச் சொல்லக்கூடியது: காடியும் நெயில் பாலிஷும் வைத்திருப்பதால் குறையாது. பழத்தின் மணம் மங்கும், ஒரு வருடத்திலேயே வித்தியாசம் தெரியும். பிரெட்டனோமைசிஸ் உயிரோடு இருந்தால் தோல் வாடையும் உலர்ந்த தன்மையும் கூடிக்கொண்டு போகும். பீடியோகாக்கஸ் சில சமயம் பீரை நூல் நூலாக, வெண்டைக்காய்ப் பசை மாதிரி ஆக்கிவிடும். பிரெட்டனோமைசிஸ் கூட இருந்தால் சில மாதங்களில் அது சரியாகிவிடும், இது பலமுறை கண்ணால் பார்த்தது. எலி வாடை மட்டும் எனக்குப் புதிர். மாதங்கள் போனால் தணிவதைப் பார்த்திருக்கிறேன், தணியாமலே நின்றதையும் பார்த்திருக்கிறேன். காத்திருந்து பாருங்கள் என்று சொல்வேனே தவிர வாக்குக் கொடுக்க மாட்டேன்.

பாவலா பற்றி. இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும்? கிடைப்பதற்கு அரிது, விலை அதிகம், வரிசையில் நின்று வாங்கியது என்றால் நாக்கு தானாக இரண்டு மதிப்பெண் கூட்டிப் போடும், என் நாக்கும் சேர்த்துத்தான். அதனால்தான் போட்டிகளில் பெயரை மறைத்துக் கொடுக்கிறார்கள். யார் அதிகம் புளிக்கவைப்பது என்ற போட்டியில் பல்லின் எனாமலை உருக்கும் பீர்களும் ஒரு காலத்தில் நிறைய வந்தன. எனக்கு அதில் மரியாதையில்லை. நெல்லிக்காயைக் கடித்தால் புளிப்போடு தண்ணீர் குடித்ததும் ஒரு இனிப்பு வருகிறதே, அதற்காகத்தான் நெல்லிக்காய். வெறும் புளிப்பு வேண்டுமென்றால் எலுமிச்சையை நக்கிவிட்டுப் போகலாம். ஆனால் நல்ல பாட்டிலை ரசிக்கிறவர்கள் நடிக்கவில்லை என்பதற்கு நானே சாட்சி. நானும் முதல் கிளாஸைக் கொட்டியவன்தான்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 10 சதவீதத்தில் தொடங்கியிருக்க மாட்டேன். பெல்ஜியத்தில் ருசலாரே ஊரின் ரோடன்பாக் கிரான்ட் க்ரூ 6 சதவீதம்தான். ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் பெரிய ஓக் தொட்டிகளில் இரண்டு வருடம் கிடந்த பீரில் மூன்றில் இரண்டு பங்கும், இளம் பீர் ஒரு பங்கும் கலந்தது. அந்த இளம் பீரின் இனிப்பு புளிப்பைக் கைப்பிடித்துக் கூட்டிவரும். அமெரிக்கக் கடைகளில் தேடினால் கிடைக்கும். அதே ஆலையில் வேலை பார்த்த பீட்டர் புகார்ட் 1996-ல் கொலராடோவின் நியூ பெல்ஜியம் ஆலைக்கு வந்த பிறகுதான் லா ஃபோலி என்ற பீப்பாய்ப் புளிப்பு பீர் அங்கே பிறந்தது. இந்த வகை அமெரிக்காவில் வேரூன்றியதில் அந்த பீருக்கும் பங்கு உண்டு. கூஸ் என்ற கலவை லாம்பிக் கிடைத்தால் அடுத்ததாக அதைப் பாருங்கள். ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் கிடந்த லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் மறுபடி நுரைக்கவிட்டது. பிரஸ்ஸல்ஸில் கான்டியோன் என்ற குடும்ப ஆலை 1900-லிருந்து இதைச் செய்கிறது. அங்கே இன்னும் மரப்பீப்பாய் வரிசைகளுக்கு நடுவே பார்வையாளர்கள் நடந்து பார்க்கலாம். கூஸில் காடியை விட எலுமிச்சைத் தோலும் வைக்கோலும் முன்னால் நிற்கும். இரண்டையும் குடித்துவிட்டு உங்கள் பாட்டிலுக்கு வந்தால் நாக்குக்கு இடம் தெரியும்.

கூடச் சாப்பிட என்ன என்றால், மிளகாய் வேண்டாம். காரமும் அமிலமும் ஆல்கஹாலும் மூன்றும் ஒரே இடத்தில் எரிக்கும். புளிக்குழம்பு, ரசம் பக்கமே போகாதீர்கள். கொழுப்பும் உப்பும் உள்ளதாக, நீல நரம்போடிய சீஸ், வறுத்த வாத்து, அதுவும் இல்லையா, வெண்ணெய் முறுக்கு. வெண்ணெய் முறுக்கோடு என்று நான் சொன்னபோது சிரித்த நண்பர் இப்போது ஊரிலிருந்து யார் வந்தாலும் அதைத்தான் கேட்கிறார்.

கடைசியாக உங்கள் இரண்டாவது பாட்டிலுக்கு ஒரு சோதனை. கால் கிளாஸ் பீரைத் தனியாக ஊற்றி மேசையில் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். திரும்ப வந்து முகரும்போது மாட்டுக்கொட்டில் தணிந்து, பேரீச்சையும் ஈர மரமும் தோலும் மேலே வந்திருந்தால் பாட்டில் நல்ல பாட்டில், முதலில் உங்களைப் பயமுறுத்தியது குளிரும் அவசரமும்தான். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் காடிதான் முன்னால் நிற்கிறது, நெயில் பாலிஷ் வேறு கூட வருகிறது என்றால் குறை பீப்பாயிலிருந்தே வந்தது, முதல் பாட்டிலை நீங்கள் கொட்டியதில் பாவமில்லை. இந்தப் பாட்டில் மட்டும் சரியாக இருந்து முதலாவது அப்படி இருந்ததாக உறுதியாக நினைவிருந்தால், கார்க் வழியாகக் காற்று புகுந்த ஒற்றைப் பாட்டில் கோளாறாக இருக்கலாம். நண்பர் எந்தக் கடையில் வாங்கினார் என்று கேட்டு, அங்கே சொல்லிப் பாருங்கள், நல்ல கடைக்காரர் மாற்றித் தருவார். கிளாஸில் மிஞ்சியது காடியாகவே இருந்தால் கொட்ட வேண்டாம். சின்ன வெங்காயம் பத்தை உரித்து, ஒரு சிட்டிகை உப்போடு அதிலேயே போட்டு, இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.